நாலு பேரா, மூணு பேரா

எங்கள் ஊர் ஆண்களிடம் போய் வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால், தீ முன்வரிசையில் நாலு பேரை நிறுத்தியிருக்கிறதா மூணு பேரையா என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கணவன் ஸ்டான் சாபோலும் அந்த ரகம்தான். பள்ளிக்கூட நாளில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு இடித்து ஓடும் எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் தடுப்பு வரிசையில் நின்றவன், அதற்குப் பிறகு உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றவன். இரண்டில் எதைப் பேசும்போது அவன் முகம் மலரும் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் கோடையில் ஆலையை மூடிவிட்டார்கள். ஓஹாயோ ஆற்றின் இந்தக் கரையில் வேறு பிழைப்பு கிடையாது. ஊரில் பாதிப் பேர் எண்ணெய்க் கிணற்று வேலை தேடி டெக்சாஸுக்குக் கிளம்பினார்கள். வாடகை லாரியில் கட்டில், மேசையோடு பையன்களும் போனார்கள். போனவர்கள் எல்லாம் பார்த்துப் பொறுக்கி எடுத்த மாதிரி பெரிய உடம்புக்காரப் பையன்கள். ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் பயிற்சி தொடங்கியபோது கோச் வின்ஸ் பால்மியேரியின் கையில் தடுப்பு வரிசைக்கு ஏற்ற உடம்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது என் மகன் டென்னி.

எங்கள் அணி எப்போதும் நாலு பேர் முன்வரிசைதான். நாலு தடியர்கள் தரையில் கை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள், பின்னால் மூணு பேர் நிமிர்ந்து நிற்பார்கள். முன்னால் குனிந்து நிற்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு சந்துதான் பொறுப்பு. எதிரணிக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் அந்தச் சந்தில் பாய்ந்து, பந்தோடு வருகிறவனை மடக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு தடியர்கள் இல்லாத வருஷத்தில் பால்மியேரி என்ன செய்வார், பாவம். மூணு பேர் முன்வரிசைக்கு மாறினார். முன்னால் மூணு, பின்னால் நாலு. ஒல்லிப் பையன்கள் பின்னால் நின்று, பந்து எங்கே போகிறது என்று பார்த்து ஓடிப் பிடிக்கலாம். இடி வாங்க வேண்டாம்.

ஆனால் அந்த இடியை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும். நடுவில் நிற்கிறவன் வாங்குவான். அவனுக்கு இடது பக்கத்துச் சந்தும் பொறுப்பு, வலது பக்கத்துச் சந்தும் பொறுப்பு. எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து வந்து அவன்மேல் மோதுவார்கள். அவன் பின்னால் போகக் கூடாது, பாயவும் கூடாது. இரண்டு பேரையும் தன்மேலேயே வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் இருந்து ஒல்லிப் பையன் ஒருவன் ஓடி வந்து பந்துக்காரனைப் பிடித்துக் கைதட்டு வாங்குவான். நடுவில் நின்றவன் பெயரை ஒலிபெருக்கியில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டானுக்கு இந்த மூணு பேர் ஏற்பாடு வேப்பங்காயாகக் கசந்தது. யூனியன் ஹாலில் வேலை போன ஆண்கள் காலையிலேயே கூடிவிடுவார்கள். மேசைமேல் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, சாஸ் பாட்டில் எல்லாவற்றையும் வரிசை கட்டி நாலா மூணா என்று தொண்டை கட்டும்வரை வாதாடுவார்கள். ஆலையை மூடியபோதுகூட இவர்கள் இவ்வளவு சத்தம் போடவில்லை. நடுவில் இருந்த கடுகு சாஸ் பாட்டில்தான் டென்னி என்றும், இரண்டு பக்கமும் இடிக்கிற குப்பிகள் எதிரணி என்றும் ஸ்டான் எனக்கு விளக்கினான். பாட்டிலுக்கு வலிக்குமா என்று யாராவது கேட்டார்களா என்றேன். என் புத்தி எப்போதும் குதர்க்கம் என்று சொல்லிவிட்டான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டென்னி வலது கையால் சூப் குடித்தான். அவன் பிறவி இடதுகைக்காரன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் விரலில் அடித்தும் மாறாத கை அது. என்னடா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஆட்டத்தில் இடிபடும்போது கழுத்திலிருந்து விரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும், எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான் என்றான். அடுத்த வாரம் பால் பாத்திரத்தைத் தூக்கியவன் அதைக் கீழே விட்டான். சிந்திய பாலை அவன் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

அணிக்கு என்று ஒரு கிழட்டு டாக்டர் உண்டு. ஆட்டத்தன்று பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தோளை அமுக்கிப் பார்த்தார், தலையைத் திருப்பச் சொன்னார், கழுத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, பெரிய கழுத்துதான் மிஸஸ் சாபோல், தாங்கும் என்றார். மாட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

சனிக்கிழமை காலையில் முந்தின நாள் ஆட்டத்தின் படச்சுருளைப் பள்ளிக்கூட நிலவறையில் போட்டுப் பார்ப்பார்கள். வாரம் ஒரு அம்மா சாப்பாடு கொண்டு போக வேண்டும். அந்த வாரம் என் முறை. முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய ஹலுப்கியைத் தட்டோடு கொண்டு போனேன். இருட்டில் பால்மியேரியும் நாலைந்து அப்பாக்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் என் மகன் குனிந்தான், எழுந்தான், இடிபட்டான். பால்மியேரி படத்தைப் பின்னால் ஓட்டினார். என் மகன் எழுந்து நின்று, மறுபடி குனிந்து, மறுபடி இடிபட்டான். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தோம். பந்து போன வழியெல்லாம் டென்னியின் இடது பக்கம்தான்.

"பாரு ஸ்டான், உன் பையன் வலது சந்துக்கே சாயுறான். இடதைத் தொறந்து போட்டுட்டுப் போறான்," என்றார் பால்மியேரி.

"ஒருத்தன்கிட்ட ரெண்டு கதவைக் குடுத்தா ஒண்ணு தொறந்துதான் கெடக்கும். நான் ஆகஸ்ட்லயே சொன்னேன். நாலு பேரை நிறுத்து வின்ஸ்."

"நாலு பேருக்கு எங்க போறது? உன் தொப்பையை நிறுத்தட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கையில் வைத்தபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் டென்னியின் வலது கை மேலே போய் எதிராளியின் மார்பைப் பிடித்தது. இடது கை முழங்கைக்கு மேல் எழவே இல்லை. அவன் சாயவில்லை. வேலை செய்கிற கை இருக்கும் பக்கமாக உடம்பு தானாகப் போனது.

"அவன் இடது கை மேல வரவே இல்ல," என்றேன்.

"அதேதான் டோலோரெஸ். உங்களுக்கே தெரியுது பாருங்க. கையைப் பயன்படுத்த மாட்டேங்குறான்," என்றார் பால்மியேரி.

"மாட்டேங்குறான் இல்ல. வரல. அது செத்துக் கெடக்கு."

இவங்களையே கோச்சாகப் போட்டுவிடலாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வரவில்லை என்றால் வரவைக்க வேண்டியதுதான், திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்றார் பால்மியேரி. அவர் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்தில் விடியும்வரை ஆடியவர், டென்னியின் முதல் காலணிகூட அவர் வாங்கித் தந்ததுதான். ஆனால் இந்த மனிதர்களுக்கு, ஆட்டம் நடக்கும் மூன்று மாதமும் ஒரு பையனின் உடம்பு முன்வரிசையாகத்தான் தெரியும். கை விழுந்தாலும் அவர்கள் கண்ணுக்கு அது காலை எங்கே வைத்தான், தோளை எப்படித் திருப்பினான் என்கிற தப்பாகத்தான் தெரியும். திங்கட்கிழமை பயிற்சியில், பையன்கள் இடித்துப் பழகும் பலகைமேல் டென்னியை இடது கையால் மட்டும் மோதவிட்டார். வேலியோரம் காரில் உட்கார்ந்து நான் பார்த்தேன். அவன் கை முட்டவில்லை, தோள்தான் முட்டியது.

அன்று மாலை சமையலறையில் அவனை உட்கார வைத்தேன். போய் ஆட மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இல்லன்னா நடுவுல யாரு நிப்பா? பீட்டி நிப்பான். அவன் எடை என் ஒரு காலுக்கு வராது. ரெண்டு பேர் மேல விழுந்தா செத்தே போயிடுவாம்மா."

பீட்டி லுகரெல்லி அடுத்த தெருப் பையன், குச்சி உடம்பு. அவனும் டென்னியும் ஒரே தொட்டிலில் தூங்கியவர்கள்.

"அப்ப நாலு பேர் வரிசைக்கு மாத்தச் சொல்லு," என்றேன்.

"மாத்தினா எனக்கு ஒரு சந்துதான். வலது கை ஒண்ணே போதும்," என்றான். தலை நிமிராமலேயே சொன்னான். இத்தனை நாள் அவன் அப்பா கத்திக்கொண்டிருந்ததைத்தான் அவனும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தனக்காக என்று வாய்விட்டுக் கேட்க அவனுக்கு வெட்கம்.

ஸ்டானிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கை விழுந்துவிட்டது, கழுத்தில் ஏதோ சரியில்லை, இவன் இனி ஆடவே கூடாது என்றேன். அவன் முகம் வெளுத்தது. பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. அது கவலையில் வந்ததா, வாதத்தில் ஜெயிக்கப் போகிறோம் என்று வந்ததா, என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நேராகப் பால்மியேரி வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து, கடைசி ஆட்டத்துக்கு நாலு பேர்தான், வின்ஸ் ஒத்துக்கொண்டுவிட்டான், டென்னி ஒரே ஒரு ஆளோடு முட்டினால் போதும் என்றான். அடியோடு நிறுத்து என்று நான் சண்டை போட்டேன். அப்பாவும் மகனும் ஒரு கட்சியாகிவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் அக்கரைக்காரர்களோடு. ஆற்றின் அந்தப் பக்கம் இன்னும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது, அவர்களுடைய பெரிய பையன்கள் எங்கேயும் போகவில்லை. எங்கள் ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேறு எதில் ஜெயிக்கப் போகிறோம் நாங்கள்?

முதல் பாதியில் நாலு பேர் முன்வரிசை. டென்னி தன் ஒரு சந்தில் பாய்ந்தான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவன் ஒரு ஆளைத் தானே பிடித்துத் தள்ளியதைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்தது. எழுந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். அந்த வருஷம் முதல் தடவையாக மைதானத்தில் வைத்து ஒரு வாய் சாப்பாடு எனக்கு உள்ளே இறங்கியது.

ஆனால் நாலு பேர் நிற்க வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் குச்சிப் பையன்கள் கை ஊன்றிக் குனிய வேண்டியிருந்தது. ஒரு ஓரத்தில் பீட்டி. அக்கரைத் தடியர்கள் அவனை வாசலில் கிடந்த மிதியடியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டுப் போனார்கள். இரண்டு தடவை ஓரமாகவே ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஆறு புள்ளி பின்னால் இருந்தோம்.

எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு உரக்கப் பேசினார்கள். சாபோல் பேச்சைக் கேட்டு வின்ஸ் நாலு போட்டான் பாரு, கெட்டது ஆட்டம் என்றார்கள். மகனைப் பூப்போலக் காப்பாற்ற ஊரையே தோற்க வைக்கிறான் என்றான் ஒருவன். ஸ்டானின் காது சிவந்தது. வேலை போனபோது தாங்கிக்கொண்டான், என் அண்ணன் வீட்டிலிருந்து மளிகைப் பை வந்தபோதும் தாங்கிக்கொண்டான். இதை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து படியிறங்கி, வீரர்கள் உடைமாற்றும் அறைப் பக்கம் போனான்.

இரண்டாம் பாதிக்கு அணி வந்து நின்றது. நான் எண்ணினேன். கை ஊன்றிக் குனிந்தவர்கள் மூணு பேர். நடுவில் டென்னி.

ஸ்டான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னேன். இன்னும் அரை ஆட்டம்தானே, டோலோரெஸ்."

கீழே இறங்கி வேலிக்குப் போனேன். வின்ஸ், அவனை வெளியே எடு என்று கத்தினேன். பால்மியேரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு ஆட்டத்தைப் பார்த்தார். போலீஸ்காரர் வந்து என் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கிறார்கள் அக்கா, போய் உட்காருங்கள் என்றார். டென்னி என்னைப் பார்த்துவிட்டான். வலது கையை ஆட்டி, போ என்றான். பள்ளிக்கூட வாசலில் முத்தம் கொடுக்க வந்த அம்மாவைத் துரத்துகிற மாதிரி.

நான் வேலியைவிட்டு நகரவில்லை. மூணு பேர் முன்வரிசை வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். டென்னி இரண்டு பேரைத் தாங்கினான், பீட்டியும் மற்றவர்களும் பின்னாலிருந்து ஓடிப் பிடித்தார்கள். ஓரத்தில் ஒருவனும் போக முடியவில்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் போனோம். மேலே ஸ்டானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிகிற நேரத்தில் அக்கரைக்காரர்கள் எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நாலாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பு. அவர்களுக்கு ஒரு கெஜம் போதும். பந்து நடுவில்தான் வரும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். டென்னி குனிந்தான். இடது கை தரையைத் தொடவில்லை, தொங்கியது. இரண்டு பேர் வந்தார்கள். தடுக்க ஒரு கைதான் இருந்தது, அதனால் மற்றவனுக்குத் தலையைக் கொடுத்தான். சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து பாய்ந்து பந்துக்காரனைக் கட்டிப் பிடித்தான் பீட்டி.

ஊர் மைதானத்துக்குள் இறங்கியது. பீட்டியைத் தோளில் தூக்கினார்கள். ஒருவர்மேல் ஒருவராக விழுந்த குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் கிடந்தவன் எழவில்லை. நான் வேலி ஏறிக் குதித்தேன், பாவாடை கிழிந்தது, போலீஸ்காரர் தடுக்கவில்லை. குதிக்கிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். கண் திறந்திருந்தது.

"அம்மா, யாரோ இன்னும் என் மேல படுத்திருக்காங்க. எந்திரிக்கச் சொல்லு," என்றான்.

அவன்மேல் யாரும் இல்லை.

பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில், கழுத்து அசையாமல் இருக்க, அவன் மண்டையில் ஆணி இறக்கி இரும்பு வளையம் மாட்டினார்கள். கழுத்தெலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்க வேண்டும், கை மரத்தது அதற்கு அடையாளம் என்றார் அங்கே இருந்த டாக்டர். யாராவது கவனித்தீர்களா என்று கேட்டார். கழுத்துக்குக் கீழே எதுவும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஸ்டானைப் பார்த்தேன். வெறுத்தேன், வேறு வார்த்தை இல்லை. ஒரே அறையில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மகன் கேட்கிற நாளில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று வைத்திருந்தேன். அவனுக்குத் தெரிய வேண்டும், அவன் அப்பனைத் திட்ட அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

பால்மியேரி வந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம், பீட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பீட்டி சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்றார்.

"கோச், பாதியில மூணுக்கு மாத்தினது யாரு?" என்று டென்னி கேட்டான். அவனால் தலையைத் திருப்ப முடியாது. கூரையைப் பார்த்துத்தான் கேட்டான்.

பால்மியேரி சன்னல் பக்கம் நின்ற ஸ்டானை ஒரு தடவை பார்த்தார். நான்தாண்டா என்று ஆரம்பித்தார். அந்தப் பழியை அவரே வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"இல்ல. நான்தான் டென்னி," என்றான் ஸ்டான். "நான் போய்ச் சொன்னேன். உன் கை அப்படி இருக்குன்னு தெரிஞ்சே சொன்னேன்."

டென்னி யோசித்தான். திட்டுவான், அழுவான் என்று நான் காத்திருந்தேன். கடவுளே, திட்டட்டும் என்றுதான் இருந்தது. திட்டியிருந்தால் ஸ்டானும் பிழைத்திருப்பான்.

"நல்லதாப் போச்சுப்பா," என்றான். "நாலுலயே நின்னிருந்தா பீட்டியை ஓரத்துல நசுக்கியிருப்பானுங்க. நீ சொன்னது சரிதான்."

பால்மியேரி வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் அழுவது கேட்டது.

"அப்பா, புருவத்துல அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

ஸ்டான் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரும்பு வளையத்தில் இடிக்காமல் ஒரு விரலை நுழைத்துச் சொறிந்தான். இன்னும் கொஞ்சம் மேலே என்றான் டென்னி. மேலே சொறிந்தான். மருந்து வேகத்தில் டென்னியின் கண் மூடிக்கொண்டது. போதும் என்று அவன் சொல்லவில்லை. அவன் தூங்கிய பிறகும் ஸ்டான் விரலை எடுக்கவில்லை.